மூன்று வாரம் கணக்கில் சேரவில்லை

டிபார்ட்மென்டின் இன்டர்ன்ஷிப் கோ-ஆர்டினேட்டர் மேடம் என் படிவத்தை இரண்டு முறை படித்தார். பிறகு பென்சிலை எடுத்து 'தொடங்கிய தேதி' என்ற கட்டத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார்.

"வேலைக்குப் போக ஆரம்பிச்சு மூணு வாரம் ஆச்சா?"

"ஆமா மேடம். வாரத்துக்குப் பதினெட்டு மணி நேரம். இதுவரைக்கும் அம்பத்திநாலு மணி நேரம் முடிச்சிட்டேன்." கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

"அந்த அம்பத்திநாலும் கணக்குல வராது. அனுமதி குடுத்த தேதியில இருந்துதான் எண்ணுவோம்."

இன்டர்ன்ஷிப்புக்கு ஓர் இடம் கிடைத்துவிட்டால் எல்லாம் முடிந்தது, மீதி வெறும் கையெழுத்து வேலை என்று நினைத்திருந்தேன். நடந்தது நேர்மாறு. இடம் தேட எனக்கு இரண்டு மாதம் ஆனது. அதை கிரெடிட்டாக, அதாவது பட்டத்துக்குச் சேரும் கல்விப் புள்ளியாக, மாற்றுவதில்தான் நான் பட்ட பாடெல்லாம். பொருளாதாரம் படிக்கும் இளங்கலை மாணவர்களில் பலர் இதே இடத்தில் தடுக்கி விழுவதைப் பிறகு பார்த்தேன். அதனால் நடந்ததை அப்படியே எழுதி வைக்கிறேன்.

தேடலிலிருந்து தொடங்குகிறேன். கணக்குப் பதிவியல் படித்தவருக்கு ஆடிட்டர் அலுவலகம் இருக்கிறது, சட்டம் படித்தவருக்கு வக்கீல் அலுவலகம் இருக்கிறது. 'பொருளாதாரம் படித்த இன்டர்ன் தேவை' என்று பலகை மாட்டிய கதவு மட்டும் அதிகம் கிடையாது. மத்திய வங்கிகளிலும் பெரிய ஆய்வு நிறுவனங்களிலும் உண்டுதான். ஆனால் அங்கே விண்ணப்பக் கெடு பல மாதங்களுக்கு முன்பே முடிந்துவிடும், போட்டி முதுகலை மாணவர்களோடு. நானும் முதலில் அந்தப் பக்கம்தான் போனேன். நாற்பது மெயில் அனுப்பினேன். பதில் வந்தது இரண்டு. இரண்டுமே இயந்திரம் அனுப்பிய 'நன்றி, பரிசீலிக்கிறோம்'.

என் மெயிலை ஒரு சீனியர் அக்காவிடம் காட்டினேன். படித்துவிட்டு, "இதுல உன்னைப் பத்தி பதினோரு வரி இருக்கு. அவங்களைப் பத்தி ஒரு வரியாவது இருக்கா?" என்றார். தேடிப் பார்த்தேன். 'உங்கள் மதிப்புமிக்க நிறுவனத்தில்' என்ற வார்த்தைகள்தான் இருந்தன. நாற்பது மெயிலிலும் அதே வார்த்தைகள்.

அவர் சொல்லித் தந்தது இதுதான்: வேலையின் பெயரில் பொருளாதாரத்தைத் தேடாதே, வேலைக்குள் தேடு. விலை நிர்ணயம், தேவைக் கணிப்பு, சந்தை ஆய்வு, கடன் அபாயம், கொள்முதல், திட்ட மதிப்பீடு, இவை எல்லாமே நாம் படிக்கிற பாடம்தான், வேறு சட்டை போட்டுக்கொண்டு வருகிறது. அதோடு, நடுத்தர அளவு நிறுவனங்களாகப் பார். அங்கே தரவு மலையாகக் குவிந்திருக்கும், உட்கார்ந்து பார்க்க ஆள் இருக்காது.

அடுத்த மெயில் ஏழு வரிதான். முதல் இரண்டு வரியில் அந்த நிறுவனம் செய்யும் வேலையில் நான் கவனித்த ஒரு விஷயம், அதையொட்டி ஒரு கேள்வி. மூன்றாவது வரியில் அந்தக் கேள்விக்கு விடை தேட எனக்குத் தெரிந்த கருவி. பிறகு எத்தனை வாரம், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், இது கல்லூரி கிரெடிட்டுக்கானது, உங்கள் தரப்பில் ஒருவர் மேற்பார்வை செய்து கையெழுத்துப் போட வேண்டியிருக்கும் என்ற விவரம். கடைசியில் பதினைந்து நிமிடம் பேச நேரம் கிடைக்குமா என்ற வேண்டுகோள். ரெஸ்யூமேவோடு இரண்டு பக்கக் குறிப்பு ஒன்றையும் இணைத்தேன். உலக வங்கி இணையத்தில் இலவசமாகத் தரும் தரவை எடுத்து வகுப்புக்காகச் செய்த ஒரு சிறு ஆய்வு, ஒரே ஒரு வரைபடத்தோடு. 'எக்செல், ஆர் (R) மென்பொருள்கள் தெரியும்' என்று எழுதுவது எல்லோராலும் முடியும். அந்த வரைபடம் அதை நிரூபித்தது. இந்த மெயிலை ஒன்பது இடங்களுக்கு அனுப்பினேன், மூன்று பேர் பேசக் கூப்பிட்டார்கள். எழுதும் நேரம் என்னவோ நாற்பது மெயிலுக்கு ஆனதைவிட அதிகம்தான்.

மூன்றில் ஒன்று, சரக்கு டெலிவரி செய்யும் ஒரு நிறுவனம். திட்டமிடல் பிரிவின் மேலாளர் என் ரெஸ்யூமேவைத் திறக்கவே இல்லை. நேராகக் கேட்டார்: "போன வருஷம் கட்டணத்தை ஏத்தினோம். அதனால எத்தனை பேர் நம்மள விட்டுப் போனாங்கன்னு யாருக்கும் தெரியல. உன்னால சொல்ல முடியுமா?"

"அது டிமாண்டோட விலை நெகிழ்ச்சி சார்" என்றேன். விலை ஏறினால் தேவை எவ்வளவு குறையும் என்ற அளவுக்குப் பாடத்தில் அந்தப் பெயர்.

சிரித்தார். "பேரு எனக்கும் தெரியும்ப்பா. நம்பர்தான் வேணும்."

அடுத்த திங்கட்கிழமையே வரச் சொன்னார். போனேன். சறுக்கியது அங்கேதான். கிரெடிட்டுக்கான படிவத்தை 'அப்புறம் கொடுத்துக்கொள்ளலாம்' என்று பையிலேயே வைத்திருந்தேன்.

கிரெடிட் என்பதை நான் புரிந்துகொண்ட விதமே தப்பு. வேலை செய்ததற்கு கல்லூரி தரும் கூலி என்று நினைத்திருந்தேன். வேலைக்குக் கூலி தருவது நிறுவனத்தின் பாடு. அந்த வேலையிலிருந்து பாடம் சம்பந்தமாக என்ன கற்றாய் என்பதற்குத்தான் கல்லூரி மதிப்பெண் போடுகிறது. அதனால் என்ன கற்கப்போகிறாய், யார் சரிபார்ப்பார், எப்படி மதிப்பிடுவார் என்பதையெல்லாம் வேலை தொடங்கும் முன்பே எழுத்தில் கேட்கிறார்கள். ஒரு பாடத்தில் பதிவு செய்யாமலே மூன்று வாரம் வகுப்பில் உட்கார்ந்துவிட்டு வருகைப்பதிவு கேட்டால் எப்படி இருக்கும்? நான் செய்தது அதுதான்.

மணிக்கணக்கும் ஊருக்கு ஊர் மாறும். ஐரோப்பியக் கல்லூரிகளின் பொதுவான கிரெடிட் கணக்கான ஈசிடிஎஸ் முறையில் ஒரு கிரெடிட் என்பது 25 முதல் 30 மணி நேர உழைப்பு. இந்தியாவில் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி வகுத்த கணக்கில் இன்டர்ன்ஷிப்புக்கு ஒரு கிரெடிட் 30 மணி நேரம். அமெரிக்காவில் ஒரு செமஸ்டர் கிரெடிட்டுக்கு சுமார் 45 மணி நேரம் என்ற கணக்கைப் பல கல்லூரிகள் பிடித்துக்கொள்கின்றன. எனக்கு வேண்டியிருந்தது நான்கு கிரெடிட், 120 மணி நேரம். செமஸ்டர் முடிய ஐந்து வாரம்தான் பாக்கி. வாரத்துக்கு 24 மணி நேரம் போனால்தான் கரை சேர முடியும். தேர்வுக்குப் படிக்க ஒதுக்கியிருந்த சனிக்கிழமைகள் அத்தோடு போயின.

தேதியோடு பிரச்சினை முடியவில்லை. 'கற்றல் நோக்கம்' என்ற கட்டத்தில் 'அலுவலகச் சூழலை அறிந்துகொள்ளுதல், குழுவாகப் பணியாற்றும் திறனை வளர்த்தல்' என்று எழுதியிருந்தேன். மேடம் அதை அடித்தே விட்டார். "இதை எந்த டிபார்ட்மென்ட் பையனும் எழுதலாம். இதுல எகனாமிக்ஸ் எங்க?" அன்று இரவு திருப்பி எழுதினேன்: 'கட்டண உயர்வு ஆர்டர் எண்ணிக்கையை எவ்வளவு பாதித்தது? பெரிய வாடிக்கையாளர்களுக்கும் சிறிய வாடிக்கையாளர்களுக்கும் அந்தப் பாதிப்பில் வேறுபாடு உண்டா?' இரண்டே கேள்வி. கீழே, எந்தப் பாடத்தில் படித்த எந்த முறையைப் பயன்படுத்துவேன் என்று ஒரு வரி. மறுநாள் காலை பத்து மணிக்குக் கையெழுத்து ஆனது. மேலாளர் வாயால் கேட்ட கேள்விதான் அது. முதல் நாளே எழுதியிருந்தால் மூன்று வாரம் மிஞ்சியிருக்கும்.

கோ-ஆர்டினேட்டரிடம் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டியவை இன்னும் சில உண்டு. கிரெடிட் மேஜரில், அதாவது முதன்மைப் பாடத்தில் சேருமா, பொது எலெக்டிவில், அதாவது விருப்பப் பாடத்தில் சேருமா என்பது முதலாவது. என் வகுப்பில் ஒருவர் முழு இன்டர்ன்ஷிப்பையும் முடித்த பிறகு, அது எலெக்டிவில்தான் சேரும் என்று தெரிந்துகொண்டார். எலெக்டிவ் அவருக்கு ஏற்கெனவே நிறைந்திருந்தது. கிரேடு உண்டா, வெறும் பாஸ்-ஃபெயிலா என்பது அடுத்தது. கிரெடிட்டுக்குத் தனிக் கட்டணம் உண்டா என்பது எல்லாவற்றையும்விட முக்கியம். கிரெடிட் கணக்கில் ஃபீஸ் வாங்கும் கல்லூரிகளில், விடுமுறையில் சம்பளமில்லாமல் வேலை செய்து, அதற்கு நாமே ஃபீஸும் கட்டும் நிலை வரும். அது எனக்கு இன்றுவரை ஜீரணமாகாத ஏற்பாடு.

சம்பளம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். நான் பேசிய மூன்று இடங்களில் ஒன்றில், "அதான் கிரெடிட் கிடைக்குதே, சம்பளம் எதுக்கு?" என்றார்கள். கிரெடிட் தருவது அவர்கள் இல்லை. கல்லூரி தரும் பொருளைக் காட்டி அவர்கள் பேரம் பேசுகிறார்கள். அமெரிக்கத் தொழிலாளர் துறை 2018இல் ஏற்றுக்கொண்ட அளவுகோலில் ஏழு அம்சங்கள் இருக்கின்றன. லாப நோக்குள்ள நிறுவனத்தில் சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப்பால் முதன்மையாகப் பலனடைவது மாணவரா நிறுவனமா என்று பார்ப்பதற்கானவை அவை. படிப்போடு, கிரெடிட்டோடு பிணைந்திருப்பது அவற்றில் ஒன்று, அவ்வளவுதான். அது ஒன்றை மட்டும் வைத்து விஷயம் முடிவாகிவிடாது. எனக்கு டெலிவரி நிறுவனம் சிறு உதவித்தொகை தந்தது. கேட்டதால்தான் தந்தது. கேட்பதற்கு முன் கல்லூரி விதி சம்பளத்தை அனுமதிக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். அனுமதிக்காத டிபார்ட்மென்ட்களும் உண்டு.

வெளிநாட்டில் மாணவர் விசாவில் இருப்பவர்களுக்கு என் கதை சின்ன விஷயம். அமெரிக்காவில் எஃப்-1 விசாவில் இருப்பவர், பாடத்திட்டத்தோடு சேர்ந்த பயிற்சி வேலைக்கான சிபிடி அனுமதி கையில் வந்து, அதில் போட்டிருக்கும் தொடக்கத் தேதியும் வந்த பிறகுதான் முதல் நாள் வேலைக்குப் போக முடியும். பொதுவாக ஒரு முழுக் கல்வியாண்டு படித்திருக்கவும் வேண்டும். எனக்கு வீணானது 54 மணி நேரம். அவர்கள் அதே தவறைச் செய்தால் விசாவே ஆட்டம் காணும்.

இனி வேலை. முதல் மூன்று வாரம் நான் செய்தது பொருளாதாரமே இல்லை, துப்புரவு. பதினோராயிரம் வரிகள் கொண்ட ஆர்டர் கோப்பு. ஒரு கிளை தேதியை நாள்-மாதம் என்று எழுதும், இன்னொரு கிளை மாதம்-நாள் என்று எழுதும். 04/07 என்று இருந்தால் ஏப்ரல் ஏழா, ஜூலை நான்கா? கிளைக் குறியீட்டை வைத்துப் பிரித்தேன். எடைக் கட்டத்தில் சிலர் கிலோவில், சிலர் டன்னில். ஒரு பார்சல் 2,400 டன் என்று இருந்தது. கப்பலில் போனாலொழிய அப்படி ஒரு பார்சல் கிடையாது. இதையெல்லாம் எந்தப் பாடமும் சொல்லித் தரவில்லை. பாடப்புத்தகத் தரவு குளித்து, தலை வாரி, பொட்டு வைத்துக்கொண்டு வருகிறது.

சுத்தம் செய்து முடித்து, கட்டணத்தையும் ஆர்டர் எண்ணிக்கையையும் வைத்து ஒரு ரிக்ரெஷன் ஓட்டினேன்; ஒன்று மாறும்போது மற்றது எவ்வளவு மாறுகிறது என்று தரவிலிருந்து கணிக்கும் முறை அது. கட்டணம் ஏற ஏற ஆர்டரும் ஏறுகிறது என்று வந்தது. கீழ்நோக்கி இறங்க வேண்டிய டிமாண்ட் கோடு மேல்நோக்கிப் போகிறது! ஒரு மணி நேரம் நான் ஏதோ கண்டுபிடித்துவிட்டதாகவே நம்பினேன்.

ஃபேகல்டி கைடாக இருந்த சார் வரைபடத்தைப் பார்த்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார். "கட்டணத்தை எப்ப ஏத்தினாங்க?"

"சீசன் ஆரம்பத்துல சார்."

"சீசன்ல கட்டணம் ஏத்தாட்டியும் ஆர்டர் கூடியிருக்குமே?"

அவ்வளவுதான். சீசனால் தேவையே கூடும்போது விலையும் கூடவே ஏறினால், நாம் வரைவது டிமாண்ட் கோடே இல்லை. பொருளாதாரத்தைத் தரவால் அளக்கும் பொருளாதார அளவியலின் மிகப் பழைய தலைவலி இது. பொருளாதார அறிஞர் ஃபிலிப் ரைட் 1928லேயே இந்த முடிச்சை அவிழ்க்க ஒரு வழி சொல்லியிருக்கிறார். தேர்வுக்காக நான் மனப்பாடம் செய்த பகுதிதான். கண் முன்னால் வந்து நின்றபோது அடையாளம் தெரியவில்லை.

வழி கிடைத்தது கேன்டீனில். பில் போடும் பிரிவில் இருந்த அண்ணன் ஒருவர் பேச்சுவாக்கில் சொன்னார்: "ரேட்டு எல்லா ஏரியாவுலயும் ஒரே நாள்ல ஏறல தம்பி. சாஃப்ட்வேர் மாத்திக்கிட்டு இருந்தோம். தெக்கு ஏரியா முதல்ல, வடக்கு ஆறு வாரம் கழிச்சு." எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வகுப்பில் படித்த பொருளாதார அறிஞர்கள் டேவிட் கார்டும் ஆலன் க்ரூகரும் வந்து எதிரே உட்கார்ந்தது மாதிரி இருந்தது. 1992 ஏப்ரலில் நியூ ஜெர்சியில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 ஆனது. பக்கத்து பென்சில்வேனியாவில் மாறவில்லை. இரண்டு பக்கமும் இருந்த துரித உணவகங்களின் வேலைவாய்ப்பை ஒப்பிட்டு 1994இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரை, வித்தியாசங்களின் வித்தியாசம் என்ற முறைக்குப் பாடப்புத்தக உதாரணம். மாற்றம் வந்த இடத்தில் முன்னும் பின்னும் உள்ள வித்தியாசத்திலிருந்து, மாற்றம் வராத இடத்தின் வித்தியாசத்தைக் கழிப்பதுதான் அந்த முறை. தெற்கில் கட்டணம் ஏறி வடக்கில் ஏறாமல் இருந்த அந்த ஆறு வாரம்தான் எனக்கு நியூ ஜெர்சியும் பென்சில்வேனியாவும்.

கட்டணம் ஏறுவதற்கு முன் இரண்டு பகுதிகளும் ஒரே போக்கில் நகர்ந்தனவா என்று வாரவாரியாகப் பார்த்தேன். சாலை அடைபட்டிருந்த ஒரு வாரம் தவிர, சேர்ந்தே நடந்தன. முடிவு: பத்து சதவீதக் கட்டண உயர்வுக்கு ஆர்டர் சுமார் ஆறு சதவீதம் குறைந்தது. அதாவது வருவாய் கூடியிருக்கிறது. ஆனால் மாதத்துக்குப் பத்து பார்சலுக்குக் குறைவாக அனுப்புகிறவர்களைத் தனியே எடுத்தால் சரிவு இரண்டு மடங்குக்கும் மேல். மேலாளர் அந்த வரியை விரலால் தொட்டு, "இவங்களத்தான் நான் தேடிக்கிட்டு இருந்தேன்" என்றார்.

அந்த அண்ணனின் பெயரை நன்றிப் பட்டியலில் முதலில் போட்டேன். அலுவலகத்தில் தரவு எப்படிப் பிறக்கிறது என்பது அதை உள்ளே தட்டுகிறவருக்குத்தான் தெரியும். மேலாளர் அறையில் மட்டும் உட்கார்ந்திருந்தால் எனக்கு இந்த ஆய்வே கிடையாது.

அறிக்கை எழுதும் நேரத்தில் அடுத்த முட்டுக்கட்டை. முதல் நாள் நீட்டிய ரகசியக் காப்பு ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருந்தேன். அதன்படி ஆர்டர் எண்ணிக்கை எதையும் வெளியே காட்டக் கூடாது. எண் இல்லாத அறிக்கையைக் கல்லூரியில் வைத்துக்கொண்டு என்ன செய்வது? இரண்டு நாள் அலைந்து ஒரு சமரசம் ஆனது. எல்லாத் தொடரையும் முதல் மாதம் = 100 என்ற குறியீட்டெண்ணாக மாற்றினேன், வாடிக்கையாளர் பெயர்களை எடுத்தேன், பகுதிகளுக்கு 'அ', 'ஆ' என்று பெயர் வைத்தேன். சதவீதங்கள் அப்படியே நிற்கும், உண்மையான அளவு தெரியாது. இதை முதல் வாரத்திலேயே எழுத்தில் கேட்டு வாங்கியிருக்கலாம். கேட்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். கடைசி வாரத்தில் கேட்டால்தான் சட்டப் பிரிவுக்கு அனுப்புவார்கள்.

லாக் புக் விஷயத்தில் மட்டும் நான் புத்திசாலி, அதுவும் அக்கா மிரட்டியதால். தினமும் கிளம்பும் முன் மூன்று வரி: எத்தனை மணி நேரம், என்ன செய்தேன், எது புரியவில்லை. 'எது புரியவில்லை' என்ற வரிகளைக் கோத்தபோதே அறிக்கையில் பாதி தயார். ஒரு வாரத்தை மொத்தமாக ஞாயிறு இரவு எழுதினவர்களின் லாக் புக்கில் ஐந்து நாளும் 'டேட்டா அனாலிசிஸ்' என்றே இருந்தது.

கடைசி வாரம் மேலாளர் வேறு நிறுவனத்துக்குப் போவதாகச் சொன்னார். மதிப்பீட்டுப் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டியவர் அவர்தான். இடைக்கால மதிப்பீட்டை இரண்டு வாரம் முன்பே வாங்கி வைத்திருந்ததால் தப்பித்தேன். இறுதிப் படிவத்தை அவர் நாற்காலியைக் காலி செய்த அன்று, அட்டைப்பெட்டி மேல் வைத்துக் கையெழுத்திட்டார்.

அறிக்கை திரும்பி வந்தது. கிரேடு பி ப்ளஸ். ஓரத்தில் கைடு சாரின் சிவப்பு மை: 'ஆய்வு முறை நன்று. அட்டவணை 3இல் எடைக்கு அலகு எங்கே? கிலோவா, டன்னா?'